நடுங்காமல் கேளுங்கள்

சென்ற இதழில் இமயமலைப் பயணத்தைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, பனியில் மாட்டிக்கொண்டால் எங்கே ஒண்டுவது என்பதைப் பற்றி. ஆகவே இந்த இதழ் முழுக்கப் பனிதான். கூட்டணி எப்போது உடையும் என்று கேட்டவர்கள் பொறுத்தருள்க. அது எங்கும் ஓடிவிடாது.

கே: குளிருக்குப் பயந்து பனிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்வதா? என்ன சார் நியாயம் இது?
— வாசகி, கரூர்

ப: மலையில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பனி அல்ல, காற்றும் ஈரமும்தான். நம் உடம்பு தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைச் சூடாக்கி வைத்திருக்கிறது. வீசுகிற காற்று அதை நொடிக்கு நொடி பறித்துக்கொண்டு போகும். பனிக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பறிமுதல் நின்றுவிடும். தவிர, பனி என்பதே பெரும்பாலும் காற்றுதான். புதிதாகப் பெய்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு, அசைய வழியில்லாமல் சிறைப்பட்ட காற்று. இலவம்பஞ்சு மெத்தை ஏன் கதகதப்பாக இருக்கிறதோ அதே காரணம். அதே தண்ணீர் இறுகிப் பனிக்கட்டியாகிவிட்டால் குணம் மாறிவிடும்: இளம்பனியைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே பனிக்குள் படுக்கலாம், பனிக்கட்டிமேல் படுக்கக்கூடாது.

கே: உள்ளே ஹீட்டர் போட்ட மாதிரி இருக்குமா?
— கோவை

ப: பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். வெளியே மைனஸ் 30, 40 என்று ஊளையிடும்போது உள்ளே பூஜ்யத்துக்குச் சில டிகிரிதான் கீழே என்றால் அது அரண்மனை. அதற்கு மேல் ஏறினால் கூரையே உங்கள் தலையில் சொட்ட ஆரம்பிக்கும். ஹீட்டர் யார் என்று கேட்டால், நீங்கள்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் 200. எனவே வழியில் சண்டை போட்டிருந்தாலும் ஆளுக்கொரு குகை தோண்டவேண்டாம். குகையும் சின்னதாகவே இருக்கட்டும். ஹால், பூஜையறை எல்லாம் வைத்தால் அதையும் நீங்கள்தான் சூடாக்கவேண்டும்.

கே: ஆனால் இன்யூட் மக்கள் பனிவீட்டுக்குள் மேல்சட்டை இல்லாமல் இருந்ததாகப் படித்திருக்கிறேனே?
— தஞ்சாவூர்

ப: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். குடும்பத்தோடு குளிர்காலம் கழிக்கக் கட்டும் பெரிய இக்லூவின் உட்புறத்தில் விலங்குத் தோல்களைத் திரைபோல் தொங்கவிடுவார்கள். தோலுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி. தோலுக்கு இந்தப் பக்கம் அறை சூடாகும்; அந்த இடைவெளி குளிர்ந்தே கிடக்கும்; சுவர் உருகாது. சூட்டுக்குக் குல்லிக் என்கிற கல்விளக்கு. சீல் கொழுப்புதான் எண்ணெய், பாசியும் பருத்திப்புல்லும் திரி. அந்த விளக்கைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு: புகையாமல், அணையாமல், சுவரையும் உருக்காமல். அந்தச் சூட்டிலேயே சமையல், துணி உலர்த்தல், தண்ணீர் காய்ச்சுதல். வழிதவறிப்போய் மாலை நாலு மணிக்குப் பனியில் நிற்கும் உங்களுக்கு இதெல்லாம் கிடைக்காது. சட்டையைக் கழற்றாதீர்கள்.

கே: இக்லூ கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?
— கட்டடப் பொறியாளர், திருச்சி

ப: தெரிந்தவர்களுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக டக்ளஸ் வில்கின்சன் 1949-ல் எடுத்த குறும்படம் ஒன்றில், இரண்டு இன்யூட் ஆண்கள் இடம் தேர்ந்தெடுப்பது முதல் வாசல் வைப்பது வரை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பிளான் அப்ரூவல் இல்லை என்பதும் ஒரு காரணம்.

பொறியாளர் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் வேலை, பனியைத் தேர்ந்தெடுப்பது. காற்று அடித்து இறுக்கிய பனி வேண்டும். அதுவும் ஒரே புயலில் படிந்ததாக இருக்கவேண்டும். நீளமான கோலால் குத்திப் பார்ப்பார்கள். கோல் ஒரே சீராக இறங்கினால் நல்ல பனி. நடுவில் வழுக்கி, திக்கி இறங்கினால் அடுக்கடுக்கான பனி, வெட்டும்போது பிளந்துகொள்ளும். கட்டிகளை, கட்டப்போகும் வீட்டின் தரையிலிருந்தே வெட்டி எடுப்பார்கள். சுவர் ஏற ஏறத் தரை இறங்கும். பாதி வீட்டைக் கட்டுகிறார்கள், மீதி வீட்டைத் தோண்டுகிறார்கள்.

அடுத்ததுதான் இதில் உள்ள மேதைமை. முதல் வரிசையை வட்டமாக அடுக்கியதும், அதன் மேல்விளிம்பைக் கத்தியால் சாய்வாகச் சீவி ஓர் ஏற்றம் ஆக்கிவிடுவார்கள். அப்புறம் வரிசை என்பதே கிடையாது. ஒரே சுருள், கீழிருந்து உச்சி வரை. ஒவ்வொரு கட்டியும் உள்நோக்கிச் சாய்ந்து, கீழ்க் கட்டியிலும் பக்கத்துக் கட்டியிலும் முட்டுக்கொடுத்து நிற்கும். சாரம் கிடையாது, முட்டுக்கம்பு கிடையாது. வடிவமும் நாம் படத்தில் வரைகிற அரைக்கோளம் அல்ல. ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு வருமே, அதைக் கவிழ்த்துப்போட்ட வடிவத்துக்கு நெருக்கமானது. அந்த வளைவில் எடை முழுதும் அழுத்தமாகவே கீழே இறங்கும். எந்த இடத்திலும் இழுவிசை இல்லை. பனிக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. கடைசிக் கட்டியை ஓட்டையைவிடப் பெரிதாக வெட்டி மேலே வைத்து, உள்ளிருந்து சீவிச்சீவி இறக்கிப் பொருத்துவார்கள். ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். நல்ல தண்ணீர் உறைந்த ஐஸ் பலகை ஒன்றைச் சுவரில் பதித்தால் ஜன்னலும் தயார்.

நீங்களும் நானும் முயன்றால்? விடிந்துவிடும்.

கே: எஸ்கிமோக்கள் எல்லாருமே இக்லூவில்தானே வாழ்ந்தார்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

ப: இல்லை கண்ணு. பனிவீடு பெரும்பாலும் கனடாவின் நடு, கிழக்கு ஆர்க்டிக்கிலும், கிரீன்லாந்தின் வடமேற்கில் தூலே பகுதியிலும் இருந்த வழக்கம். மற்ற இடங்களில் கல், புல்லோடு பெயர்த்த மண்கட்டி, திமிங்கில எலும்பு ஆகியவற்றால் ஆன வீடுகள். கோடையில் எல்லாருக்கும் தோல் கூடாரம். அலாஸ்காவில் பலர் பனிவீட்டில் ஒரு இரவுகூடத் தூங்காமலே வாழ்ந்து முடித்திருப்பார்கள். இன்றைக்கு மரவீடும் ஹீட்டரும் இன்டர்நெட்டும். வேட்டைக்குப் போகும்போதுதான் சிலர் இக்லூ கட்டுகிறார்கள். இன்னொன்று, அடுத்த முறை இன்யூட் என்று எழுது. 'எஸ்கிமோ' அவர்களில் பலருக்குப் பிடிக்காது.

கே: 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில் இக்லூவுக்குள் குடும்பமே தூங்கும் காட்சியை அந்தக் காலத்தில் எப்படி எடுத்தார்கள்?
— திரைப்படச் சங்க உறுப்பினர், மதுரை

ப: பாதி இக்லூவில் எடுத்தார்கள். ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் 1922 படம் அது. இக்லூவுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை, இடமும் போதவில்லை. ஆகவே வழக்கத்தைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டவைத்து, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். படத்தில் அந்தக் குடும்பம் 'கதகதப்பாக' உறங்கி எழுவது வெட்டவெளிக் குளிரில். ஆவணப்படம் என்ற வகையே இப்படி ஒரு செட்டோடு தொடங்கியிருக்கிறது.

கே: என்னிடம் கத்தி இல்லை, பனியும் உதிரியாக இருக்கிறது, இருட்டப்போகிறது. என்ன கட்டட்டும்?
— மலையேற்றக் குழு, சேலம்

ப: இதுதான் உருப்படியான கேள்வி. மூன்று வழி இருக்கிறது; மூன்றில் எது என்பதை உங்கள் உடம்பில் மிச்சமிருக்கும் பலம் தீர்மானிக்கட்டும்.

பனி ஆழமாகக் குவிந்த சரிவு இருந்தால், ஆளுயரத்துக்கு மேல் ஆழம் இருந்தால், பக்கவாட்டில் குகை தோண்டலாம். வாசலைக் கீழே வைத்து, உள்ளே போனதும் மேல்நோக்கித் தோண்டி, படுக்கும் மேடை வாசலின் தலைக்கு மேல் இருக்கும்படி அமைக்கவேண்டும். கூரை குறைந்தது 30 சென்டிமீட்டர் தடிமன். உள்ளிருந்து பார்க்கும்போது நீல வெளிச்சம் தூக்கலாகத் தெரிகிற இடம் மெலிந்துவிட்ட இடம், அங்கே கைவைக்காதீர்கள். கூரையை வளைவாக, வழவழப்பாகச் சீவிவிடுங்கள். மேடுபள்ளம் இருந்தால் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு சொட்டு, நேராக உங்கள் காதுக்குள். வளைவாக இருந்தால் ஈரம் சுவர்வழியே இறங்கிவிடும். எல்லாம் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

சமதரை என்றால் குவின்ஸி. ஷவலால் பனியை வாரி ஆளுயரத்துக்குக் குவியுங்கள். குவித்தபின் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இன்னும் அதிகமாக, சும்மா விடுங்கள். கிளறப்பட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுக அந்த நேரம் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த ஓய்வு நேரத்தில்தான். அவசரப்பட்டுத் தோண்டி, தோண்டியவர் மேலேயே குவியல் சரிந்திருக்கிறது. காத்திருக்கும்போது 30 சென்டிமீட்டர் நீளக் குச்சிகளைக் குவியலின் எல்லாப் பக்கமும் குத்தி வையுங்கள். அப்புறம் உள்ளே குடைந்துகொண்டே போங்கள். குச்சியின் முனை எட்டிப் பார்க்கிறதா, அந்த இடத்தில் நிறுத்துங்கள். சுவர் எங்கும் ஒரே தடிமன் வந்துவிடும். ஒருவர் உள்ளே குடையும்போது இன்னொருவர் ஷவலோடு வெளியே நிற்கவேண்டும். செல்ஃபி எடுக்க அல்ல.

மூன்றாவது, பதுங்குகுழி. படுத்தால் கொள்ளும் நீளம், புரண்டால் இடிக்கும் அகலம், மேலே கிளையோ ஸ்கீயோ தார்ப்பாயோ போட்டு அதன்மேல் பனி. பார்க்க லட்சணமாக இருக்காது, யாரும் படம் போடமாட்டார்கள். ஆனால் களைத்துப்போனவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். குகை அழகாக முடியும்போது தோண்டியவர் முடிந்துபோயிருந்தால் என்ன லாபம்?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. குகை தோண்ட வாகாகக் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கிற மறைவுச் சரிவுதான் பனிச்சரிவுக்கும் பிடித்த இடம். 30 முதல் 45 டிகிரி சாய்வு உள்ள சரிவுகளில் அது அதிகம். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்.

கே: தோண்டினால் உடம்பு சூடாகுமே, வியர்க்க வியர்க்கத் தோண்டினால் குளிரே தெரியாதல்லவா?
— ஜிம் பயிற்சியாளர், சென்னை

ப: தோண்டும்வரை தெரியாது. நிறுத்தியதும் அந்த வியர்வை குளிரின் ஏஜென்ட்டாக வேலை பார்க்க ஆரம்பிக்கும். ஈரத் துணி, உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். பனியில் அனுபவம் உள்ளவர்கள் தோண்டத் தொடங்கும்முன் உள்ளாடை ஒன்றையாவது கழற்றிப் பத்திரமாக வைப்பார்கள், மெதுவாகத் தோண்டுவார்கள், முடித்ததும் உலர்ந்ததைப் போட்டுக்கொள்வார்கள். குழிக்குள் தவழ்ந்து தோண்டும்போது முழங்காலும் முழங்கையும் நனையும் என்பதால் மேலே மழைக்கோட்டு. ஸிக்ஸ் பேக் எங்கே உதவும் என்று கேட்காதீர்கள். சூட்டைப் பிடித்துவைப்பதில் கொஞ்சம் தொப்பைதான் மேல்.

கே: வாசல் ஏன் கீழே? குனிந்து போகவேண்டுமே, முதுகுவலி எனக்கு.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ப: குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். சூடான காற்று மேலே தேங்கும். வாசல் கீழே இருந்தால் குளிர் வழிந்து வெளியேறும், சூடு உங்களோடு மேடையில் தங்கும். வாசல் மேலே இருந்தால் அப்படியே தலைகீழ். முதுகுவலி காலையில் போய்விடும், ஐயா.

கே: வாசலை நன்றாக அடைத்துவிட்டால் இன்னும் கதகதப்பாக இருக்குமே?
— வாசகர், சிவகாசி

ப: இருக்கும். கொஞ்ச நேரம்.

பனிக்குகையில் குளிரைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். 1999 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் கோஸியஸ்கோ தேசியப் பூங்காவில் நான்கு இளைஞர்கள், பனிச்சறுக்குப் பலகைக்காரர்கள், ஒரு குகை தோண்டி அதற்குள் இரவு தங்கினார்கள். புயல் பனியைக் கொட்டி வாசலை மூடிவிட்டது. மூச்சுவிட்ட காற்றே திரும்பத் திரும்ப உள்ளே சுழன்று நான்கு பேரும் இறந்துபோனார்கள். பனி உருகிய பிறகு நவம்பரில்தான் அவர்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. குகையில் பிழை இல்லை. துளை இல்லாமல் போனதுதான் பிழை.

ஆகவே கூரையில் கைமுஷ்டி அளவு துளை ஒன்று. அதில் ஒரு கோலைச் செருகி வையுங்கள்; இரவில் விழிக்கும்போதெல்லாம் அதை ஆட்டிவிடுங்கள். விழிக்கும்போதெல்லாம் என்றால், முறைவைத்து விழிக்கவேண்டும் என்று பொருள். ஷவல் வெளியே அல்ல, உங்களோடு உள்ளே இருக்கவேண்டும். வெளியே விட்டால் காலையில் வாசலை எதைக்கொண்டு திறப்பீர்கள்?

அடுப்பு இன்னும் மோசம். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஒரு தலைவலி, ஒரு தூக்கம், அவ்வளவுதான். மெழுகுவர்த்திச் சுடர் மங்கினால் பிராணவாயு குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் மோனாக்சைடைச் சுடர் காட்டிக்கொடுக்காது. தவிர, சூட்டில் சுவரின் உட்பக்கம் உருகி உறைந்து கண்ணாடிப் பூச்சு ஏறிவிட்டால், பனியின் வழியாகக் கசிந்து வந்துகொண்டிருந்த காற்றும் நின்றுவிடும். தண்ணீர் காய்ச்சவேண்டும் என்றால் வாசலருகே, துளை திறந்திருக்கும்போது, சுருக்கமாக.

கே: உயிர் பிழைக்கப் பனிக்குழிக்குள் யாராவது மாதக்கணக்கில் இருந்திருக்கிறார்களா?
— புதுச்சேரி

ப: ஆறு பேர், 1912-ல், அண்டார்டிகாவில். ஸ்காட் தென்துருவத்துக்குப் போன அதே பயணத்தின் இன்னொரு கிளை இது. விக்டர் கேம்ப்பெல் தலைமையில் மருத்துவர் லெவிக், நிலவியலாளர் பிரீஸ்ட்லி, மாலுமிகள் அபட், பிரவுனிங், டிக்காசன். டெர்ரா நோவா கப்பல் அவர்களை ஜனவரியில் கரையில் இறக்கிவிட்டுப் போயிற்று. சில வாரங்களுக்கான உணவு, கோடைக்கான உடை. திரும்ப வந்த கப்பலைக் கடல்பனி நெருங்கவிடவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, இனெக்ஸ்பிரஸிபிள் தீவில் ஒரு பனிக்குவியலைக் குடைந்தார்கள். பன்னிரண்டடிக்கு ஒன்பதடி. உயரம் ஐந்தரை அடி, யாரும் நிமிர்ந்து நிற்க வழியில்லை. தரையில் சரளைக்கல்லும் கடற்பாசியும் பரப்பினார்கள்.

சாப்பாடு சீலும் பென்குயினும். விளக்குக்கும் அடுப்புக்கும் அதே கொழுப்பு. அதன் புகையில் ஆறு பேரும் கரியாகிப்போனார்கள். ஒரு சீலின் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே இன்னும் தின்னத்தக்க மீன்கள் முப்பத்தாறு இருந்தன, அன்றைக்குத் தீபாவளி. சர்க்கரைக் கட்டி, சாக்லேட், உலர்திராட்சை எல்லாம் பிரீஸ்ட்லியின் ரேஷனில், எண்ணி எண்ணி. இரவில் லெவிக் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டை' உரக்கப் படித்துக்காட்டுவார். ஒரு புயலில் புகைபோக்கி அடைபட்டு விளக்குகள் மங்கி, மூச்சுத்திணறி, கடைசி நேரத்தில் வழி தோண்டித் தப்பினார்கள். மேலே சிவகாசிக்காரருக்குச் சொன்னது இவர்களும் அனுபவித்ததுதான்.

செப்டம்பர் 30-ல் குகையைவிட்டுக் கிளம்பி, நடந்தே நவம்பர் 7-ல் ஹட் பாயின்ட் முகாமை அடைந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு. துருவம் வரை போன ஸ்காட்டும் தோழர்களும் திரும்பவில்லை என்ற செய்தி அங்கேதான் அவர்களுக்குக் கிடைத்தது.

கே: அந்த ஆறு பேருக்குள் சண்டை வரவில்லையா? எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று பெட்ரூம், தினமும் போர்.
— திருப்பூர்

ப: கேம்ப்பெல் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். குகைத் தரையில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் அதிகாரிகள் மூன்று பேர், மறுபக்கம் மாலுமிகள் மூன்று பேர். ஒரு பக்கத்தில் பேசுவது மறுபக்கத்தின் காதில் 'விழாது' என்பது சட்டம். மூக்கும் மூக்கும் முட்டும் தூரத்தில் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. மாலுமிகள் தாராளமாக அதிகாரிகளைத் திட்டிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கடற்படையின் வர்க்கபேதம் எனக்கு உவப்பானது அல்ல. ஆனால் ஆறு மாதம் ஆறு பேரும் ஒருவரையொருவர் கொல்லாமல் இருந்ததில் அந்தக் கோட்டுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டு ஹாலில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். ரிமோட் எந்தப் பக்கம் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கே: இருப்பதிலேயே உயரமான பனிக்குழி எது?
— வேலூர்

ப: 1975 செப்டம்பர் 24. டக் ஸ்காட், டூகல் ஹாஸ்டன் இருவரும் எவரெஸ்டின் தென்மேற்கு முகப்பு வழியாக மாலையில் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. தென்உச்சி அருகே, 8,700 மீட்டருக்கும் மேலே, குழி தோண்டி இரவைக் கழித்தார்கள். ஸ்லீப்பிங் பேக் கிடையாது, ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்று. காலையில் இறங்கி வந்தார்கள், ஒரு விரல்கூடப் போகாமல். ஆனால் இதை எல்லாருக்கும் வாய்க்கிற கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1982-ல் நியூஸிலாந்தின் மவுண்ட் குக்கில் மார்க் இங்லிஸ், ஃபில் டூல் இருவரையும் புயல் ஏறக்குறைய இரண்டு வாரம் ஒரு பனிக்குகைக்குள் பூட்டிவைத்தது. குகை உயிரைக் காப்பாற்றியது. கால்களைக் காப்பாற்றவில்லை, இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. இங்லிஸ் செயற்கைக் கால்களோடு 2006-ல் எவரெஸ்ட் ஏறினார். சிலரைத் திருத்தவே முடியாது.

கே: சுற்றிலும் பனி, தாகத்துக்கு அள்ளித் தின்றால் போகிறது!
— ராமநாதபுரம்

ப: உங்கள் ஊர்க்காரருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பனியை உருக்க மட்டுமே சுமார் 80 கிலோகலோரி; அதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 37. அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 117 கிலோகலோரி உடம்பிலிருந்து போகும். நல்ல வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போது கொஞ்சம் தின்னலாம், குடிமுழுகாது. நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். உருக்கிக் குடியுங்கள்.

கே: ஒரு பெக் பிராந்தி?
— பெயர் வேண்டாம்

ப: பிராந்தி தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சும், தோல் சூடானதுபோல் தோன்றும், உள்ளே இருந்த சூடு அந்த வழியாக வெளியேறும். நடுக்கத்தையும் மட்டுப்படுத்தும். நடுக்கம்தான் அப்போது உங்கள் ஒரே ஜெனரேட்டர். ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம், பெயர் வேண்டாதவரே.

கே: எங்கட பிள்ளையள் வீட்டு வாசலில குவிஞ்சு கிடக்கிற ஸ்நோவுக்குள்ள குகை தோண்டி விளையாடினம். விடலாமோ?
— ஒரு அம்மா, ஸ்கார்பரோ

ப: தெருவோரக் குவியலில் வேண்டவே வேண்டாம் அம்மா. பனி தள்ளும் வண்டி வரும்; ஓட்டுநருக்கு உள்ளே குழந்தை இருப்பது தெரியாது. ஒன்று நசுக்கும், இல்லை மேலும் பனியைத் தள்ளி மூடும். பின்வளவில், தெருவிலிருந்து தள்ளி, நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது விளையாடட்டும். அதிலும் கூரையுள்ள குகையைவிடக் கூரையில்லாத கோட்டை நல்லது. பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். பனிப்பந்து எறிய வசதி.

கே: காரோடு பனியில் சிக்கினால் இறங்கிக் குகை தோண்டுவதா?
— டிசம்பரில் மணாலி போகவிருக்கும் குடும்பம், ஈரோடு

ப: காரே குகைதான். அதைவிட்டு இறங்கி நடப்பவர்கள்தான் அதிகம் காணாமல் போகிறார்கள். ஆனால் இன்ஜினை ஓட்டிக்கொண்டே ஹீட்டரில் தூங்காதீர்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலையூருக்குப் பனி பார்க்கப் போனவர்கள் சாலையில் சிக்கி, கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பனி புகைக்குழாயை அடைத்தால் புகை உள்ளே திரும்பும். முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை வாருங்கள். அப்புறம் மணிக்குப் பத்து நிமிடம் இன்ஜின், ஒரு ஜன்னல் விரலளவு திறப்பு. டிக்கியில் ஒரு சின்ன ஷவல், கம்பளி, தண்ணீர், தின்பண்டம். முறுக்கு, அதிரசம் தாராளமாக எடுத்துப்போங்கள். அங்கே அவை வெறும் கொறிப்பு அல்ல, எரிபொருள்.

கே: சியாச்சினில் பனிக்கு அடியில் ஆறு நாள் உயிரோடு இருந்த வீரர் நினைவிருக்கிறதா? அது எப்படி?
— முன்னாள் ராணுவத்தினர், வேலூர் மாவட்டம்

ப: நினைவிருக்கிறது, ஐயா. இதில் வேடிக்கைக்கு இடமில்லை. 2016 பிப்ரவரி 3-ல், 19,000 அடிக்கும் மேலே இருந்த சோனம் காவல்நிலையின்மேல் பனி சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர்; நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு மீட்டார்கள். டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11-ல் காலமானார். அவர் அத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு, கூடாரத்துக்குள் சிக்கிய காற்றுவெளியைக் காரணமாகச் சொன்னார்கள். பொதுவாகப் பனிச்சரிவில் புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் உயிர்நேரம். சரிந்து நிற்கும் பனி சிமென்ட்டாக இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. நாம் விரும்பித் தோண்டும் குகையும் நம்மேல் வந்து விழும் பனியும் ஒரே பொருள்தான், ஆனால் வேறு வேறு உலகம்.

கே: இங்க ஈஸ்டர் லீவுக்கு எல்லாரும் மலைக்குப் போகினம். நோர்வேக்காரர் பனிக்குழி தோண்டுறதை ஒரு விளையாட்டா செய்யினம். நாங்களும் போகலாமோ?
— ஒஸ்லோ

ப: போங்கள், அவர்களின் மலை விதிகள் ஒன்பதையும் படித்துவிட்டு. 1950-களில் இருந்து நோர்வேயில் புழங்கும் விதிகள் அவை, 2016-ல் திருத்தினார்கள். எட்டாவது, நேரத்தோடு திரும்பிவிடு, அதில் வெட்கமில்லை என்கிறது. ஒன்பதாவது, பலத்தைச் சேமித்து ஒதுங்கிடம் தேடு என்கிறது. பழைய வடிவத்தில் பனிக்குள் தோண்டிப் புகு என்றே இருந்தது. வரிசையைக் கவனியுங்கள். தோண்டும் யோசனை ஒன்பதாவதுதான். நம்மவர்கள், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறோம்.

கே: இந்த வித்தையை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?
— திண்டுக்கல்

ப: வகுப்பு எடுத்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் முன்னோடிகள் உண்டு. கருவுற்ற துருவக்கரடி இலையுதிர்காலத்தில் பனிக்குவியலைக் குடைந்து புகுந்து, உள்ளேயே குட்டி போட்டு, வசந்தம் தொடங்கும்போதுதான் வெளியே வருகிறது. வடக்கத்திய காட்டுக்கோழிகள் சில, இரவில் இளம்பனிக்குள் அப்படியே பாய்ந்து புதைந்து தூங்கும். ஷவலும் இல்லை, யூடியூபும் இல்லை.

கே: ஊட்டியில் இக்லூ கட்டலாமா?
— ஊட்டி

ப: உங்கள் ஊரில் ஜனவரியில் விழுவது உறைபனி. புல்லில் படிந்து, டீக்கடை திறப்பதற்குள் போய்விடும். ஒரு தீப்பெட்டிக்குக் கூரை போடலாம்.

கே: இவ்வளவு எழுதுகிறீர்களே, பனிக்குகையில் ஒரு இரவாவது படுத்திருக்கிறீர்களா?
— விருதுநகர்

ப: இல்லை. பிரசவத்தைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கே: என் கணவர் பலமாகக் குறட்டை விடுவார். பனிக்குகைக்கு ஆபத்து உண்டா?
— வாசகி, காரைக்குடி

ப: குகைக்கு இல்லை. பனி சத்தத்தை விழுங்கிவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: நீங்கள் உள்ளிருந்து 'காப்பாற்றுங்கள்' என்று கத்தினாலும் தலைக்கு மேலே நடக்கும் மீட்புக்குழுவுக்குக் கேட்காது. ஆகவே புகுவதற்கு முன் ஸ்கீயையோ கோலையோ வெளியே நட்டு, அதில் சிவப்பு, ஆரஞ்சு என்று கண்ணில் அடிக்கிற துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். கூரைமேல் யாரும் ஏறி மிதிக்காமலும் அது காக்கும். குறட்டையை வெளியே யாரும் கேட்கப்போவதில்லை. உள்ளே இருக்கும் உங்களுக்குத்தான், பாவம், எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் மூச்சுத்துளையைப் பார்க்க முறைவைத்து விழிக்கவேண்டும் என்றேனே, அதில் முதல் முறையை அவருக்கே கொடுத்துவிட்டு நீங்கள் முந்தித் தூங்கிவிடுங்கள்.